பளபளத்த தகட்டில் மயிரிழை விரிசல்: சர்ஃபேஸ் கிரைண்டிங் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"நேற்று கிரைண்ட் பண்ணி வெச்ச பிளேட்டு. நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்குப் பார்த்தா மயிரிழை மாதிரி கோடு ஓடுது." கிரைண்டிங் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் இது. பழி முதலில் ஹீட் ட்ரீட்மென்ட் மேல் விழும். அவர்கள் மெட்டீரியலைக் கைகாட்டுவார்கள். மெஷினில் சுற்றிக்கொண்டிருந்த சாணை வீலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

பல ஷாப்களில் ஒரே மாதிரி வரும் இந்தக் கோளாறை, இங்கே ஒரே ஜாப்பாகத் தொகுத்து அலசியிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் எளியவை. உங்கள் மெஷினின் எண்களைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஜாப்பும் செட்டிங்கும்

டி2 டூல் ஸ்டீல் தகடுகள், மொத்தம் 12. அளவு 200 × 100 × 15 மி.மீ. ஹார்டன் செய்து (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கெட்டியாக்கி), 200°செ-யில் டெம்பர் செய்தவை (நொறுங்காதபடி மீண்டும் மிதமாகச் சூடாக்கியவை), கடினம் ராக்வெல் அளவில் 60 எச்ஆர்சி. ஒரு முகத்துக்கு 0.3 மி.மீ. கிரைண்டிங் அலவன்ஸ், அதாவது கிரைண்டிங்கில் எடுப்பதற்காக விட்ட கூடுதல் தடிமன். தட்டைத்தன்மையும் இணைத்தன்மையும் 0.01 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், பரப்பு ஆர்ஏ (சொரசொரப்பின் சராசரி அளவு) 0.4 மைக்ரான்.

மெஷின், கிடைமட்ட ஸ்பிண்டில் கொண்ட சாதாரண ஹைட்ராலிக் சர்ஃபேஸ் கிரைண்டர். 200 மி.மீ. விட்டம், 20 மி.மீ. அகல வீல், 2800 ஆர்பிஎம். வீலின் மேல் எழுதியிருந்தது: டபிள்யூஏ 60 கே 5 வி. டேபிள் வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டர், ஒரு கட்டுக்கு (வெட்டுக்கு) ஆழம் 0.03 மி.மீ., ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் குறுக்கு நகர்வு 8 மி.மீ. கூலண்ட் 10 மி.மீ. உள்விட்டக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர். தகட்டுக்கு இரண்டு ஸ்பார்க் அவுட், அதாவது ஆழம் கூட்டாமல் வீலை ஓட்டும் பாஸ்.

முதல் மூன்று தகடுகளில் புகார் எதுவும் இல்லை. நாலாவதில் லேசான வைக்கோல் நிறக் கீற்று தெரிந்தது. ஆபரேட்டர் இன்னும் இரண்டு ஸ்பார்க் அவுட் ஓட்டினார், கீற்று போய்விட்டது. ஏழாவதில் பழுப்பு. அதே வைத்தியம். முடிந்த ஏழு தகடும் கண்ணாடி போல மின்னின. மறுநாள் இன்ஸ்பெக்ஷனில் நாலு தகடுகளில் டேபிள் ஓடும் திசைக்குக் குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையான நுண்விரிசல்கள். போதாததற்கு, தகட்டைப் பிடித்து வைக்கும் மேக்னட்டில் இருந்தபோது சரியாக இருந்த தட்டைத்தன்மையில் நடுப்பகுதி 0.02 மி.மீ. வரை குழிந்திருந்தது.

விரிசல் யாருடையது?

குவென்ச் கிராக், அதாவது ஹார்டன் செய்யக் குளிர்விக்கும்போது விழும் விரிசல், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் வரும். மூலை, துளை, தடிமன் மாறும் இடம் போன்றவற்றிலிருந்து கிளம்பி ஆழமாக இறங்கும். உடைத்துப் பார்த்தால் உள்சுவர் டெம்பரிங் சூட்டில் கறுத்திருக்கும். கிரைண்டிங் கிராக் வேறு ஜாதி. ஆழம் குறைவு, எண்ணிக்கை அதிகம், வெட்டுத் திசைக்குக் குறுக்கே அணிவகுத்து நிற்கும். கடுமையாகச் சுட்டிருந்தால் வறண்ட ஏரி போல வலைப்பின்னலாக விரியும். இந்தத் தகடுகளில் இருந்தது இரண்டாவது வகை.

ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் பங்கே இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. டெம்பரிங் குறைவாக நடந்திருந்தாலோ, மாற்றமடையாத ஆஸ்டனைட் (ஸ்டீலின் உயர்வெப்ப வடிவம்) மிச்சமிருந்தாலோ, நல்ல வீல் போட்டாலும் தகடு விரிசலுக்குத் தயாராகவே இருக்கும். டி2-வை 200°செ-யில் டெம்பர் செய்தால் கடினம் கிடைக்கும், ஆனால் கிரைண்டிங் சூட்டை அது பொறுக்காது. 500°செ-க்கு மேல் டெம்பர் செய்த டி2 நிறையவே பொறுக்கும். எனவே டெம்பரிங் சார்ட்டைக் கேட்டு வாங்குவது நியாயம். வந்தது: இரண்டு முறை டெம்பரிங், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். அந்தப் பக்கம் குறை இல்லை.

அடுத்து, எச்சிங். 4 முதல் 5 சதவீத நைட்ரிக் அமிலம் கலந்த எத்தனால், அதாவது நைட்டால். அமிலத்தை ஆல்கஹாலில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கலவையை இறுக மூடிய பாட்டிலில் வைக்கக் கூடாது, கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் கட்டாயம். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய தகட்டில் பஞ்சால் சீராகத் தடவி, நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி உலர்த்த வேண்டும். டி2-வில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருப்பதால் சாதாரண ஸ்டீலைவிடச் சற்று நேரம் பிடிக்கும். பார்த்து முடித்ததும் சோடா உப்புக் கரைசலில் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் துரு.

சீரான சாம்பல் நிறம் வந்தால் தகடு நலம். கறுத்த திட்டு என்றால் அந்த இடம் டெம்பரிங் வெப்பத்தைத் தாண்டிச் சூடேறி மென்மையாகிவிட்டது. கறுப்பு விளிம்புக்கு நடுவே வெள்ளைத் திட்டு இருந்தால், அங்கே சூடு ஆஸ்டனைட் ஆகும் அளவுக்கு ஏறி, உடனே குளிர்ந்து, டெம்பர் ஆகாத மார்டென்சைட்டாக உறைந்திருக்கிறது. கண்ணாடி போல நொறுங்கும் படலம் அது. விரிசல் விழுந்த நாலு தகடுகளிலும் வெள்ளை இருந்தது. "நல்ல" தகடுகள் என்று ஒதுக்கியிருந்தவற்றில் மூன்றாவதில் கறுப்புப் பட்டை தெரிந்தது. அதில் நிறமே வந்ததில்லை.

ஸ்பார்க் அவுட்டில் போவது மேலே படிந்த ஆக்சைடு நிறம் மட்டும். அதன் தடிமன் ஒன்றுமில்லை. அடியில் கெட்ட படலம் அப்படியே இருக்கும். நிறத்தை அழித்துவிட்டு அனுப்புவது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி அனுப்புவது போல.

"ராக்வெல் பார்த்தோம், 60 வந்தது" என்ற வாதமும் எழுந்தது. எச்ஆர்சி-யில் ஒரு எண் என்பது 2 மைக்ரான் ஆழம். 60 எச்ஆர்சி என்றால் வைரக்கூம்பு, முன்சுமையில் நின்ற இடத்திலிருந்து (100 − 60) × 0.002 = 0.08 மி.மீ. இறங்கியிருக்கிறது. சில நூறில் ஒரு பங்கு மி.மீ. தடிமனுள்ள கெட்ட படலத்தைத் துளைத்துக்கொண்டு, அடியிலுள்ள நல்ல ஸ்டீலைத்தான் அது அளக்கிறது. மேல்படலத்தைப் பார்க்க வேண்டுமானால் தகட்டை வெட்டி, குறுக்குவெட்டில் மைக்ரோ விக்கர்ஸ் (மிகச் சிறிய தடம் பதித்துக் கடினம் அளக்கும் முறை) எடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்களுக்கு நைட்டால் போதும்.

சூடு எங்கிருந்து வருகிறது

லேத் டூலுக்கு ஒரு முனை, ஒரு கோணம். வீலில் ஆயிரக்கணக்கான துகள்கள், எதற்கும் ஒழுங்கான கோணம் கிடையாது. பெரும்பாலானவை முகம் முன்னே சாய்ந்தபடி, அதாவது நெகடிவ் ரேக்கில், உலோகத்தைச் சந்திக்கின்றன. ஒவ்வொரு துகளும் முதலில் உரசும், பிறகு ஏர்க்கொழு போல உழுது இரு பக்கமும் ஒதுக்கும், கடைசியில்தான் சிப்பை வெட்டும். முதல் இரண்டும் வீண் உழைப்பு. அதனால்தான் டர்னிங்கில் ஒரு கன மி.மீ. ஸ்டீலை எடுக்க 2 முதல் 5 ஜூல் போதுமென்றால், கிரைண்டிங்கில் 20 முதல் 60 ஜூல் வரை, மழுங்கிய வீலில் அதற்கு மேலும் செலவாகிறது. டர்னிங்கில் சூட்டின் பெரும்பகுதியைச் சிப் தூக்கிக்கொண்டு போய்விடும். அலுமினியம் ஆக்சைடு வீலில் 60 முதல் 85 சதவீதம் ஜாப்புக்குள் இறங்குகிறது. டி2-வின் வெப்பக் கடத்தல் சாதாரண கார்பன் ஸ்டீலில் பாதிகூட இல்லை. இறங்கிய சூடு பரவாமல் மேல்தோலிலேயே தங்கும்.

இந்த ஜாப்புக்குக் கணக்கு போடுவோம். ஒரு லேயரில், அதாவது முகம் முழுக்க ஒரு கட்டு ஆழம் எடுக்கையில், போவது 200 × 100 × 0.03 = 600 கன மி.மீ. கன மி.மீ.க்கு 40 ஜூல் என்று வைத்தால் 24,000 ஜூல். அதில் 70 சதவீதம் தகட்டுக்குள் போனால் 16,800 ஜூல். தகட்டின் எடை சுமார் 2.3 கிலோ. அதை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 1,060 ஜூல் வேண்டும். ஆக கூலண்ட் எதையும் எடுத்துப் போகாவிட்டால் லேயருக்கு 16 டிகிரி. 0.3 மி.மீ. எடுக்கப் பத்து லேயர் ஓடுகிறது.

தகட்டின் நடு குழிந்ததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. மேல்முகம் கீழ்முகத்தைவிட 5 டிகிரி மட்டும் அதிகம் சூடாக இருந்தால், தகடு மேல்நோக்கி வளைய முயலும் அளவு: விரிவுக் குணகம் × வெப்ப வித்தியாசம் × நீளத்தின் வர்க்கம் ÷ (8 × தடிமன்). அதாவது 0.0000105 × 5 × 40,000 ÷ 120 = 0.0175 மி.மீ. மேக்னட் இதில் ஒரு பகுதியைத்தான் அடக்கும். மேடான நடுப்பகுதியை வீல் அதிகம் தின்கிறது. தகடு குளிர்ந்து நேராகும்போது தின்ற இடம் குழியாக நிற்கிறது. இந்த ஜாப்பின் டாலரன்ஸே 0.01 மி.மீ.தான்.

வீலில் எழுதியிருப்பது என்ன சொல்கிறது

டபிள்யூஏ என்பது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு. 60 என்பது கிரிட், துகளின் அளவு சுமார் 0.25 மி.மீ. கே என்பது கிரேடு. 5 என்பது ஸ்ட்ரக்சர், துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி. எண் கூடினால் வீல் திறந்த வீல். வி என்பது விட்ரிஃபைட், பீங்கான் போலச் சுட்ட பாண்ட்.

இதில் பலரும் தடுமாறுவது கிரேடில். ஏ முதல் இசட் வரை போகும் அந்த எழுத்து துகளின் கடினத்தைச் சொல்லவில்லை. துகளை பாண்ட் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. துகள் மழுங்கியதும் அதன் மேல் விசை கூடும். மென்மையான கிரேடு என்றால் பாண்ட் கையை விட்டுவிடும், மழுங்கிய துகள் உதிர்ந்து கீழே புதுத் துகள் தலைகாட்டும். கெட்டியான கிரேடு மழுங்கிய துகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், அது வெட்டாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே ஜாப் கடினமாக ஆக, வீல் மென்மையாக வேண்டும். "கெட்டி ஸ்டீலுக்குக் கெட்டி வீல்" என்ற நினைப்புதான் இந்தக் கோளாறில் பாதி.

மீதி டி2-வின் குணம். அதிலுள்ள குரோமியம் கார்பைடுகள் துகளை வேகமாகத் தேய்க்கும். வனேடியம் கார்பைடு அலுமினியம் ஆக்சைடைவிடவே கடினம். எனவே 60 கே 5 வீல் இரண்டு, மூன்று தகட்டிலேயே மழுங்கி, உதிரவும் முடியாமல் வழவழப்பாகிவிட்டது. முதல் தகடுகள் தப்பி, பின்னால் வந்தவை கெட்டதற்குக் காரணம் இதுதான். வீல் முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மழுங்கிய வீல் மினுமினுக்கும். லோடான வீல் வேறு, அதில் துளைகளுக்குள் உலோகப் பொடி கறுப்பாக அப்பியிருக்கும். சத்தமும் காட்டிக்கொடுக்கும். கூரான வீல் "ஸ்ஸ்" என்று சீறும், மழுங்கியது கீச்சிட்டுக் கத்தும், ஸ்பிண்டில் அம்மீட்டர் முள் கட்டுக்குக் கட்டு மேலேறும்.

டிரெஸ்ஸிங்: 12 வினாடித் தப்பு

கெட்ட வீலையும் நல்ல டிரெஸ்ஸிங், அதாவது வைர முனையால் வீல் முகத்தைச் சீவிக் கூராக்குவது, ஓரளவு காப்பாற்றும். இங்கே டிரெஸ்ஸிங்தான் அதை இன்னும் கெடுத்தது. வைரத்தை வீலின் 20 மி.மீ. அகலம் கடக்க 12 வினாடி எடுத்துக்கொண்டு மெதுவாக நகர்த்தியிருக்கிறார்கள், ஃபினிஷ் நன்றாக வரட்டும் என்று. 12 வினாடியில் வீல் 560 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு வைரம் நகர்ந்தது 0.036 மி.மீ. வைர முனை வீலைத் தொடும் அகலம் சுமார் 0.5 மி.மீ. என்றால், வீலின் ஒவ்வொரு இடத்தையும் வைரம் 14 தடவை மிதித்துப் போயிருக்கிறது. துகளின் தலை கூராக உடையாமல் சப்பையாகத் தேய்ந்துவிடும். அந்த முகம் கொடுக்கும் பளபளப்பு, வெட்டியதால் வந்ததில்லை, தேய்த்ததால் வந்தது.

ரஃபிங்குக்கு இந்த மிதிப்பு 2 முதல் 3, ஃபினிஷிங்குக்கு 4 முதல் 6 போதும். இதே வீலுக்கு 20 மி.மீ.யை 2 வினாடியில் கடந்தால் சுற்றுக்கு 0.214 மி.மீ., மிதிப்பு 2.3. 4 வினாடியில் கடந்தால் 0.107 மி.மீ., மிதிப்பு 4.7. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து நாலைந்து தடவை வெற்றோட்டமாகப் பழகினால் கை படிந்துவிடும்.

ஆழம் ஒரு பாஸுக்கு 0.01 முதல் 0.025 மி.மீ. டிரெஸ்ஸரை வீலின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே வைக்காமல், வீல் சுற்றும் திசையில் 5, 6 மி.மீ. தள்ளி, வைரம் 10 முதல் 15 டிகிரி சாய்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால் வீல் வைரத்தை உள்ளே இழுத்துக் குத்தும். வைரத்தை ஹோல்டரில் அவ்வப்போது திருப்பிவிட வேண்டும், ஒரே பக்கம் தேய்ந்து தட்டையானால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பலனில்லை. கூலண்ட் விடுவதானால் முதலிலிருந்தே விட வேண்டும். சூடேறிய வைரத்தின் மேல் நடுவில் திறந்தால் வைரம் வெடிக்கும்.

கூலண்ட் ஊற்றியது, சேரவில்லை

வீலின் விளிம்பு வேகம்: 3.14 × 200 × 2800 ÷ 60,000 = வினாடிக்கு 29 மீட்டர். அந்த வேகத்தில் வீலோடு ஒரு காற்றுப் படலமும் சுற்றுகிறது. 10 மி.மீ. குழாயிலிருந்து 12 லிட்டர் வரும்போது தாரையின் வேகம் வினாடிக்கு 2.5 மீட்டர்தான். காற்று அதைத் தள்ளிவிடும். பார்வைக்குத் தகடு நனைந்திருக்கும், வெட்டும் இடம் காய்ந்திருக்கும்.

தாரை வீல் வேகத்தை எட்ட 4.3 பார் அழுத்தமும், 20 × 1 மி.மீ. நாசிலில் நிமிடத்துக்கு 35 லிட்டரும் வேண்டும். இந்த மெஷின் பம்பால் ஆகாது. ஆனால் குழாய் முனையில் 20 × 1 மி.மீ. பிளவுள்ள நாசிலைப் பொருத்தினால், அதே 12 லிட்டர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாயும். தேவைப்படும் அழுத்தம் அரை பார், அது இந்தப் பம்புக்கு எட்டும். நாசிலை வெட்டும் இடத்துக்கு நெருக்கமாக, வீல் தகட்டுக்குள் நுழையும் பக்கம் குறிவைத்து, அதற்கு மேலே வீலைத் தொடாமல் நெருங்கி நிற்கும் ஒரு சிறு தகட்டைக் காற்றுத் தடுப்பாகப் பொருத்தினார்கள். செலவில்லாத வேலை, இந்த ஆய்வில் கிடைத்த பலன்களில் பெரியது. சொல்யுபிள் ஆயில் செறிவு ரிஃப்ராக்டோமீட்டரில் 4 சதவீதத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

மாற்றிய செட்டிங்

வீல் டபிள்யூஏ 46 எச் 8 வி. துகள் பெரிது, கிரேடு மென்மை, இடைவெளி அதிகம். புது வீலை மாட்டுமுன் மரச்சுத்தியால் செங்குத்துக் கோட்டிலிருந்து இருபுறமும் 45 டிகிரியில் தட்டி, மணி போல ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். மங்கலாக ஒலித்தால் மாட்டக் கூடாது. வீலில் அச்சிட்ட உச்ச ஆர்பிஎம் ஸ்பிண்டிலைவிட அதிகமாக இருக்க வேண்டும், ஃபிளேஞ்சுக்கு இடையே காகிதப் பிளாட்டர் இருக்க வேண்டும். கார்டு மூடி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிய பிறகுதான் டிரெஸ்ஸிங்.

ரஃபிங் ஆழம் 0.01 மி.மீ., டேபிள் நிமிடத்துக்கு 18 மீட்டர், குறுக்கு நகர்வு 4 மி.மீ. டேபிளை வேகமாக ஓட்டினால் சூடு கூடும் என்றுதான் தோன்றும், நடப்பது நேர்மாறு. வீலும் தகடும் தொடும் வில்லின் நீளம், ஆழத்தையும் வீல் விட்டத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். பழைய செட்டிங்கில் அது 2.45 மி.மீ. அதைத் தாண்ட ஒரு புள்ளிக்கு 15 மில்லி வினாடி ஆனது. புதியதில் 1.41 மி.மீ., 5 மில்லி வினாடிக்கும் குறைவு. ஒரு புள்ளி அடுப்பின் மேல் நிற்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

ஒவ்வொரு முகத்துக்கும் முன் 2 வினாடி டிரெஸ்ஸிங். கடைசி 0.02 மி.மீ. இருக்கும்போது 4 வினாடி டிரெஸ்ஸிங், பிறகு 0.005 ஆழத்தில் கட்டு, இரண்டு ஸ்பார்க் அவுட். 46 கிரிட்டில் ஆர்ஏ 0.4 கிடைக்குமா என்ற சந்தேகத்துக்குப் பதில், கிடைத்தது. ஃபினிஷைத் தீர்மானிப்பதில் கிரிட்டுக்கு இருக்கும் பங்கு டிரெஸ்ஸிங்குக்கும் இருக்கிறது.

மேக்னட்டில் வைக்கும் முறையும் மாறியது. ஹீட் ட்ரீட்மென்ட்டில் வளைந்த தகட்டை மேக்னட் இழுத்துத் தட்டையாக்கும், விட்டதும் அது பழையபடி வளையும். எனவே குழிந்த முகத்தைக் கீழே வைத்து, நடுவில் ஃபீலர் தகட்டால் (மெல்லிய அளவுத் தகடு) முட்டுக்கொடுத்து, மேக்னட் விசையைக் குறைத்து, சுற்றிலும் பிளாக் அணைத்து முதல் முகத்தை எடுக்க வேண்டும். பிறகு பக்கத்துக்கு 0.05 மி.மீ.யாகப் புரட்டிப் புரட்டி எடுத்தால் வளைவு சமனாகும்.

இதற்கான விலை நேரம். முன்பு முகத்துக்குச் சுமார் 5 நிமிடம், இப்போது 15. அதைப் பொறுக்க முடியாத உற்பத்தி என்றால் சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) வீலுக்குப் போவது சரி. சூட்டை நன்றாகக் கடத்தும் துகள் அது, தகட்டுக்குள் இறங்கும் பங்கு வெகுவாகக் குறையும். வைர வீல் அதைவிடக் கடினமாயிற்றே என்று ஸ்டீலுக்குப் போடக் கூடாது. சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்பில் கரைந்து, வீல் வீணாகும்.

வீல் தேய்வதையும் கணக்கில் வைக்க வேண்டும். 160 மி.மீ. ஆகும்போது அதே 2800 ஆர்பிஎம்-இல் வேகம் 23.5 மீட்டராக இறங்கும், எச் கிரேடு இன்னும் மென்மையாக நடந்துகொள்ளும். துகள் சீக்கிரம் உதிர்ந்து, வீல் முனை வட்டமானால் ஆழத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஷிஃப்ட் முடிவில் முதலில் கூலண்டை நிறுத்தி, வீலை ஓரிரு நிமிடம் வெறுமனே சுற்றவிட வேண்டும். இல்லாவிட்டால் வீலின் அடிப்பாதியில் கூலண்ட் தேங்கி, காலையில் பேலன்ஸ் கெட்டு, முதல் தகட்டில் அலையலையாகக் கோடு விழும்.

கெட்ட தகடுகள்

வெள்ளைத் திட்டும் விரிசலும் உள்ள நாலு தகடுகளை அப்படியே கிரைண்ட் செய்தால் விரிசல் இன்னும் ஓடும். முதலில் 180°செ-யில், அதாவது டெம்பரிங்கைவிட 20 டிகிரி குறைவாக, 2 மணி நேரம் ஸ்ட்ரெஸ் ரிலீவ். இது இழுவிசையைத் தணிக்குமே தவிர விரிசலை ஒட்டாது. பிறகு புது வீலில் 0.01 மி.மீ. கட்டாக எடுத்து, ஒவ்வொரு 0.05 மி.மீ.க்கும் நிறுத்தி டை பெனட்ரண்ட், அதாவது விரிசலுக்குள் புகுந்து சிவப்புக் கோடாகக் காட்டும் சாயம். விரிசல் மறைந்ததும் நைட்டால். இரண்டு தகடுகள் அளவுக்குள்ளேயே தேறின. மற்ற இரண்டில் தடிமன் கீழ் எல்லையைத் தொட்டபோதும் சிவப்புக் கோடு மறையவில்லை, அவை ஸ்கிராப். மூன்றாவது தகட்டின் கறுப்புப் பட்டை 0.04 மி.மீ. எடுத்ததும் போனது.

மீதி ஐந்து தகடுகளையும் புதிய செட்டிங்கில் முடித்து, ஒவ்வொன்றின் இரு முகத்திலும் நைட்டால் பார்த்தார்கள். சீரான சாம்பல். பழைய தகடுகள் அளவுக்கு அவை மின்னவில்லை.